பாறை ஏடு – 17: வற்றிய குட்டையில் நாற்பத்தாறு

அமெரிக்கத் தொல்லுயிர் அறிஞர் மார்ஷ் 1877-இல் அலோசாரஸ் என்ற பெயரைச் சூட்டிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். கொலராடோவில் கிடைத்த சில முள்ளெலும்புகள், ஒரு பல், ஒரு விரலெலும்பு, இன்னும் சில துண்டுகள். அவர் கையிலிருந்த சரக்கு ஏறத்தாழ அவ்வளவுதான். முள்ளெலும்புகளில் தெரிந்த குடைவுகள் அதுவரை பார்த்தவற்றைப் போல இல்லாததால் 'வேறான பல்லி' என்று பெயர் வைத்தார். போட்டியாளர் கோப் முந்திக்கொள்வாரோ என்ற பதற்றத்தில் அடுத்த எலும்பைத் தேடிப் போனார். எட்டரை மீட்டர் நீளம், கண்ணுக்கு மேல் சிறு கொம்பு, அரம்போன்ற விளிம்புடைய பற்கள், கொக்கி நகங்களோடு மூன்று விரல் கை என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் வரையும் அலோசாரஸை அந்தத் துண்டுகளிலிருந்து யாரும் எழுப்பியிருக்க முடியாது. அந்த உருவத்தின் பெரும்பகுதி வேறோர் இடத்திலிருந்து வந்தது. யூட்டா மாநிலத்தின் எமெரி கவுண்டியில், கிளீவ்லண்ட் என்ற சிற்றூருக்கு அப்பால், மரமில்லாத பொட்டல் வெளியில் இருக்கும் ஓர் எலும்புக்குழி அது. இந்த இதழ் முழுவதும் அந்தக் குழியைப் பற்றித்தான்.

யூட்டா பல்கலைக்கழகத்தார் 1920-களின் கடைசியிலேயே அங்கே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அந்த வட்டாரத்திலேயே வளர்ந்து பிரின்ஸ்டனுக்குப் படிக்கப் போன வில்லியம் லீ ஸ்டோக்ஸ் 1939 முதல் 1941 வரை மூன்று கோடைகள் தோண்டினார். செலவுக்கு 10,000 டாலர் தந்தவர் மால்கம் லாய்டு என்ற வழக்கறிஞர். ஊர்ப்பெயரும் அவர் பெயரும் சேர்ந்து இடத்துக்கு கிளீவ்லண்ட்-லாய்டு என்ற பெயர் நிலைத்தது. பிறகு 1960-களில் ஸ்டோக்ஸும் ஜேம்ஸ் மேட்சனும் ஒரு கூட்டுத் திட்டம் போட்டார்கள். தோண்டும் செலவில் பங்கு தரும் அருங்காட்சியகத்துக்கு ஓர் எலும்புக்கூடு. சீட்டு பிடிப்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டில்தான் பல நாடுகளின் கூடங்களுக்கு அலோசாரஸ் போய்ச் சேர்ந்தது. அவற்றில் பல ஒரே விலங்கின் எலும்பால் ஆனவை இல்லை என்பது அண்ணாந்து பார்ப்பவர் பலருக்குத் தெரியாது. ஒன்றின் தொடை, இன்னொன்றின் விலா, வேறொன்றின் வால் என்று அளவு பார்த்துக் கோத்தவை அவை. மேட்சன் 1976-இல் இந்தக் குழியின் எலும்புகளை ஒவ்வொன்றாக வரைந்து விவரித்து வெளியிட்ட நூல்தான் பெரிய ஊனுண்ணி டைனோசர்களை ஆராய்பவர்களுக்கு நெடுங்காலம் கையேடாக இருந்தது. 2020-இல் அலோசாரஸின் இன்னோர் இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இனி சிக்கலுக்கு வருவோம். குழியிலிருந்து இதுவரை எடுத்த எலும்புகள் 12,000-க்கு மேல். அநேகமாக எல்லாமே மூட்டு விட்டுப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடந்தவை. இப்படிப்பட்ட குவியலில் தலை எண்ணுவதற்கு ஒரு வழி உண்டு. இடது தொடையெலும்பு என்று ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரு விலங்குக்கு அது ஒன்றுதான். முப்பது இடது தொடையெலும்பு கிடைத்தால் குறைந்தது முப்பது விலங்குகள். அப்படிக் கூட்டிப் பார்த்தால் எல்லா வகையும் சேர்ந்து எழுபதுக்குச் சற்று மேல் வருகிறது. அதில் அலோசாரஸ் மட்டும் குறைந்தது 46. நீள்கழுத்து காமராசாரஸ், முதுகில் தட்டுகள் நிற்கும் ஸ்டெகோசாரஸ், நடுத்தர உடம்புள்ள காம்ப்டோசாரஸ் ஆகிய தாவர உண்ணிகள் ஒவ்வொன்றும் ஒற்றை இலக்கத்தில் நின்றுவிடுகின்றன. ஆயிரம் மான் மேயும் காட்டில் சில புலிகள்தான் இருக்க முடியும். உண்பவன் குறைவாகவும் உண்ணப்படுவது மிகுதியாகவும் இருந்தால்தான் காடு நடக்கும். கிளீவ்லண்ட்-லாய்டில் அந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. தோண்டியவர்கள் கண்ணைக் கவர்ந்த ஊனுண்ணியை மட்டும் பொறுக்கியிருப்பார்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 1960-களில் அகப்பட்டதையெல்லாம் அள்ளினார்கள்; விகிதம் மாறவில்லை.

முதலில் எழுந்த விளக்கமும் இன்றுவரை மக்கள் மனத்தில் நிற்கும் விளக்கமும் ஒன்றுதான்: அது ஒரு பொறி. இதற்கு முன்மாதிரி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் நடுவே இருக்கும் லா பிரேயா தார்க் குழிகள். அங்கே தாருக்குள் கால் வைத்த காட்டெருமையின் அலறல் ஓநாய்களை இழுத்தது. வந்த ஓநாயும் ஒட்டிக்கொண்டது. அதைத் தின்ன இன்னொன்று வந்தது. பெரிய பாலூட்டிகளில் பத்தில் ஒன்பது ஊனுண்ணி என்ற அளவுக்கு அங்கே எலும்பு சேர்ந்தது. மறைந்துபோன பெரு ஓநாய் இனம் மட்டும் 4,000-க்கு மேல். அந்த அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் முழுக்க நானூறு ஓநாய் மண்டையோடுகளை அடுக்கி, பின்னால் மஞ்சள் விளக்குப் போட்டிருக்கிறார்கள். யூட்டாவிலும் தாருக்குப் பதிலாக ஆழச் சேறு. காட்டெருமைக்குப் பதிலாகக் காமராசாரஸ். ஓநாய்க்குப் பதிலாக அலோசாரஸ். ஊனுண்ணி ஏன் மிகுதி என்ற கேள்விக்கு ஒரே வீச்சில் பதில் கிடைத்துவிடுகிறது. நல்ல விளக்கம்தான். எலும்புகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை என்பதே என் வாதம்.

சேற்றுப் பொறி எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் ஃபிரிக், ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஆகிய ஊர்களில் அப்படி இறந்த பிளாட்டியோசாரஸ் என்ற டைனோசர்கள் கிடைத்திருக்கின்றன. அவை ட்ரையாசிக் காலத்தவை. இங்கே பேசப்படும் அலோசாரஸுக்கு ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவை. அங்கே பின்னங்கால்கள் நட்டுவைத்த கம்பங்களைப் போலச் சேற்றுக்குள் செங்குத்தாக இறங்கி நிற்கின்றன. மூட்டு விடவில்லை. மேலே வெளியில் தெரிந்த உடம்பு சிதைந்தும் தின்னப்பட்டும் போயிருக்க, புதைந்த கால் மட்டும் நின்ற நிலையிலேயே கல்லாகியிருக்கிறது. புதைசேற்றில் மாட்டிய விலங்கிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதையே. கிளீவ்லண்ட்-லாய்டில் எலும்புகள் படுகிடையாக, பிரிந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் கனமே உள்ள மண்படிவத்தின் அடிப்பகுதியில் பரவிக் கிடக்கின்றன. நின்றபடி புதைந்த கால்கள் இங்கே இந்தக் கதைக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. நாற்பத்தாறில் சிலவற்றின் கால்களாவது அப்படி இருக்க வேண்டாமா?

இரண்டாவது, பற்குறி. பொறி என்றால் இரை வேண்டும்; இரை என்றால் கடித்த தடம் வேண்டும். யூட்டா எல்லையை ஒட்டிக் கொலராடோவின் மேற்குப் பகுதியில் மைகாட்-மூர் என்ற எலும்புக்குழி இருக்கிறது. கிளீவ்லண்ட்-லாய்டு எலும்புகள் கிடந்த அதே மொரிசன் பாறையடுக்கு, அதே அலோசாரஸ். அங்கிருந்து 2,368 எலும்புகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டபோது, 684-இல் ஊனுண்ணிப் பற்கள் கீறிய தடம் இருந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 29. அலோசாரஸ் எலும்பிலேயே அலோசாரஸ் அளவுள்ள விலங்கு கடித்த தடமும் உண்டு. பசியோடு வந்து, கிடைத்ததையெல்லாம், தன் இனத்தையும்கூடத் தின்ற இடம் எப்படி இருக்கும் என்பதற்கு அது அளவுகோல். கிளீவ்லண்ட்-லாய்டில் பற்குறி உள்ள எலும்புகள் மிகச் சில. இங்கே கவனமான வாசகர் குறுக்கிடலாம்: லா பிரேயாவிலும் பற்குறி குறைவுதானே? குறைவுதான். அதனால் இந்தச் சான்றை மட்டும் வைத்துப் பொறியை மறுக்க நான் துணிய மாட்டேன். ஆனால் தார் விழுங்கிவிடும். ஒரு மீட்டர் சேறு, இடுப்பே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் காமராசாரஸை விழுங்காது. அதன் உடல் வாரக்கணக்கில் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்திருக்கும். இரைக்காக வந்து மாட்டிய நாற்பது கொடும்பசியாளர்களுக்கு நடுவே, எட்டும் தூரத்தில் கிடந்த இறைச்சி கடிபடாமல் போவது எப்படி? சாப்பாட்டுக்காக வந்த கூட்டம் என்று நம்பினால் இலைகளெல்லாம் ஏன் சுத்தமாக இருக்கின்றன என்று சொல்லியாக வேண்டும்.

சரி, அது என்ன இடம்? எலும்பை விட்டு மண்ணைக் கேட்டால் தெளிவான பதில் வருகிறது. எலும்புகள் இருப்பது சுண்ணாம்புச்சத்து மிகுந்த களிமண்ணில். அதன் மேலே சுண்ணாம்புக்கல் மூடியிருக்கிறது. வேகமாக ஓடும் ஆறு இப்படிப்பட்ட நொய்ந்த மண்ணை விட்டுப்போகாது. தேங்கிய நீர்தான் விட்டுப்போகும். அதாவது குட்டை, மழைக்கு நிரம்பி வெயிலுக்குச் சுருங்கும் குட்டை. மொரிசன் அடுக்கு உருவான காலத்தில் அந்த நிலம் மழையும் வறட்சியும் மாறிமாறி வந்த அரைப்பாலை என்பது பல வகையில் உறுதியான செய்தி. ஆனால் இது சாதாரணக் குட்டையும் இல்லை. மீன், நத்தை, ஆமை, முதலை என்று நீர்நிலைக்கு உரிய சிற்றுயிர்க் கூட்டம் மற்ற குழிகளில் தாராளமாகக் கிடைக்க, இங்கே அரிதினும் அரிதாக இருக்கிறது. ஜோசப் பீட்டர்சனும் உடன் உழைத்தவர்களும் 2017-இல் இந்த மண்ணின் வேதியியலைப் பார்த்து ஒரு படத்தைத் தந்தார்கள். வெள்ளம் வரும்போதெல்லாம் சுற்றுப்புறத்தில் செத்த உடல்கள் குட்டைக்குள் வந்து சேர்ந்தன. அவை அழுகி, நீர் உயிர்வாயு இழந்து நாறியது. கன உலோகமும் கந்தகச் சேர்மங்களும் மண்ணில் ஏறின. எலும்புமேல் சுண்ணாம்பு பொருக்குத் தட்டியது. எந்த மீனும் அதில் வாழவில்லை. எந்த விலங்கும் இறங்கித் தின்னவில்லை. பற்குறி அரிதாக இருப்பதற்கும் மூட்டு பிரிந்ததற்கும் இந்தப் படம் ஒரே நேரத்தில் கணக்குச் சொல்கிறது. ஊதி மிதக்கும் உடலிலிருந்து முதலில் கை கால் கழன்று விழும். கிடந்து மிதந்த இடமெல்லாம் எலும்பு இறைபடும்.

நீரே நஞ்சாகிக் கொன்றது என்று இன்னும் ஒரு படி மேலே போகிறவர்களும் உண்டு. இதே யூட்டாவில், கிரேட் சால்ட் ஏரிக்கரையில், 1910-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் வாத்துகளும் மற்ற நீர்ப்பறவைகளும் கொத்துக்கொத்தாகச் செத்தன. மண்ணின் காரம் என்று முதலில் நினைத்தார்கள். அழுகும் உடலில் பெருகும் பாட்டுலிசக் கிருமியின் நஞ்சு என்பது பின்னால்தான் தெரிந்தது. செத்ததில் புழு, புழுவைத் தின்றதால் அடுத்த சாவு என்று வட்டம் சுற்றும் நோய் அது. 15 கோடி ஆண்டுகளுக்கு முந்திய குட்டைக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நஞ்சு எலும்பில் தடம் விடாது. பிடிபடாத குற்றவாளிமேல் வழக்கு நடத்துவதில் எனக்கு ஆர்வம் குறைவு.

இத்தனைக்குப் பிறகும் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. குட்டை, வறட்சி, வெள்ளம் எல்லாம் சரி. ஏன் அலோசாரஸ்? வறட்சி எல்லாவற்றையும்தானே கொல்லும்? சொல்லப்போனால், வறட்சியில் முதலில் விழுவது புல்லும் இலையும் தின்பவை. அவை விழ விழ ஊனுண்ணிக்கு விருந்து. பொறிக் கட்சிக்காரர்கள் எழுப்பும் இந்தத் தடை வலுவானது. பீட்டர்சன் குழுவின் படமும் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. சுற்றுப்புறத்தில் செத்தவை ஏன் பெரும்பாலும் அலோசாரஸாக இருந்தன என்று அடுத்த வீட்டுக்குக் கேள்வியைத் தள்ளிவிடுகிறது. என் பதிலை, குழிக்கு வெளியே வேறொரு காரியமாகச் செய்த ஆய்விலிருந்து எடுக்கிறேன்.

ஹென்றி ஃபிரிக் என்ற ஆய்வாளர் (மேலே சொன்ன சுவிஸ் ஊருக்கும் இவருக்கும் தொடர்பில்லை) 2011-இல் காமராசாரஸ் பற்களைச் சுரண்டி, எனாமலில் உள்ள உயிர்வாயு ஐசோடோப்புகளை அளந்தார். பல் வளர வளர, அந்தந்த மாதம் குடித்த நீரின் முத்திரை எனாமலில் அடுக்கடுக்காகப் பதிகிறது. பல் கிடைத்த சமவெளி மண்ணில் இருக்கும் முத்திரையும் பல்லின் முத்திரையும் ஒத்துப்போகவில்லை. ஆண்டின் ஒரு பகுதியில் அந்த விலங்கு மேட்டு நிலத்து நீரைக் குடித்திருக்கிறது. அதற்குப் போய் வர ஒரு வழிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். சமவெளி காய்ந்தபோது காமராசாரஸ்கள் மேட்டுக்குப் போய், ஈரம் திரும்பியபோது இறங்கி வந்தன. ஆராய்ந்த பற்களில் ஒரு பகுதி அதே யூட்டாவின் வடகிழக்கு மூலையில் கிடைத்தவை. ஆகவே குட்டை சுருங்கி நாறிய அந்த மாதங்களில், அதைச் சுற்றியிருந்த நிலத்தில் பெரிய தாவர உண்ணிகளின் எண்ணிக்கை இயல்பைவிட மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். அவை சாகவில்லை, கிளம்பிவிட்டன. எஞ்சியவை கிளம்பாதவை.

மந்தை போனால் வேட்டைக்காரனும் பின்னாலேயே போக மாட்டானா? போவான் என்றுதான் தோன்றும். ஆனால் செரங்கெட்டியில் லட்சக்கணக்கான காட்டுமாடுகள் கிளம்பிப் போகும்போது சிங்கங்கள் பெரும்பாலும் போவதில்லை. தன் எல்லையை விட்டால் இன்னொரு கூட்டத்தின் எல்லைக்குள் நுழைய வேண்டும், சண்டை, சாவு. அதனால் இருந்த இடத்திலேயே வயிற்றைக் கட்டிக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பஞ்ச மாதங்களில் மடிவதில் குட்டிகள் மிகுதி. அலோசாரஸுக்குச் சிங்கத்தின் கூட்டு வாழ்க்கை இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. இரை நகர்ந்தால் வேட்டை விலங்கும் நகர்ந்தே ஆகும் என்ற விதி இயற்கையில் இல்லை என்று காட்டுவதற்கே இந்த உதாரணம். குழியிலிருந்து வரும் இன்னொரு செய்தியும் இதற்குத் துணை நிற்கிறது. அந்த நாற்பத்தாறில் பெரும்பாலானவை முழு வளர்ச்சி எட்டாதவை. அலோசாரஸ் எலும்பை அறுத்து வளர்ச்சி வளையங்களை எண்ணியவர்கள், சுமார் 15 வயதில் அது ஆண்டுக்கு 148 கிலோ எடை கூடும் வேகத்தை எட்டியது என்றும், 22 முதல் 28 ஆண்டுகள் வரை வாழ்ந்திருக்கலாம் என்றும் கணித்தார்கள். அந்த வேகத்தில் வளரும் உடம்புக்குப் பஞ்ச காலம் மற்றெவரையும்விடக் கொடியது. பெரியவை கிடைத்ததைப் பறித்துக்கொள்ளும். பிறந்த சிறியவை பூச்சியும் ஓணானும் பிடித்துப் பிழைக்கும். நடுவயதுக்குத் தலைகாட்டும் இளசுகள் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்.

இந்த விளக்கத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஐசோடோப்பு காமராசாரஸுக்கு மட்டும்தான் பேசுகிறது. ஸ்டெகோசாரஸும் காம்ப்டோசாரஸும் அப்படி வலசை போயினவா என்பதற்கு அதே தரத்துச் சான்று என் கையில் இல்லை. அவை போகாமல் இருந்திருந்தால் குழியில் இன்னும் மிகுதியாக இருந்திருக்க வேண்டும். இல்லாததைக் கொண்டு போயிருக்கும் என்று சொன்னால் வாதம் தன் வாலையே கடிக்கிறது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் எடைபோட வேண்டும். மொரிசன் அடுக்கு முழுவதும் கிடைக்கும் பெரிய ஊனுண்ணிகளில் அலோசாரஸே பெரும்பான்மை. கிளீவ்லண்ட்-லாய்டிலும் செரட்டோசாரஸ், டோர்வோசாரஸ், மார்ஷோசாரஸ் போன்ற மற்ற ஊனுண்ணிகள் வெறும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஊன்வாசனை பிடித்து வருபவரையெல்லாம் பிடிக்கும் பொறி இவற்றையும் தாராளமாகப் பிடித்திருக்கும். அந்த வட்டாரத்தில் குடியிருந்த ஓர் இனத்தையே திரும்பத் திரும்பப் பிடித்தது, அந்த இனம் அங்கேயே கிடந்தது என்பதற்கு நெருங்கிய சான்று.

அலோசாரஸ்கள் கூட்டமாக வேட்டையாடின, ஒரு கூட்டம் மொத்தமாக மாட்டியது என்ற கதையையும் இங்கேயே தள்ளிவைக்கலாம். தொலைக்காட்சிக்கு அது பிடிக்கும். ஆனால் கலந்து கிடக்கும் எலும்புகள் நாற்பத்தாறும் ஒரே நாளில் செத்தன என்று சொல்வதில்லை. பல வறட்சிகளில் ஒன்றிரண்டாகச் செத்திருந்தாலும் இதே குவியல்தான் கிடைக்கும். ஒரு பயணியர் சத்திரத்தின் வருகைப் பதிவேட்டில் நாற்பத்தாறு பெயரைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்று முடிவு கட்டுவதைப் போன்றது அது.

கடைசியாக ஒரு சான்று. வாதத்துக்கு அது இன்றியமையாதது இல்லை; ஆனால் விட மனம் வரவில்லை. இந்தக் குழியில் அலோசாரஸ் எலும்புகளோடு ஒரு முட்டையும் கிடைத்தது, 1989-இல் அறிவித்தார்கள். கூடும் இல்லை, உடன்பிறந்த வேறு முட்டையும் இல்லை. எந்த விலங்கின் முட்டை என்று அறுதியிட முடியவில்லை. ஓட்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஓர் ஓட்டின் மேல் இன்னோர் ஓடு கட்டியிருந்தது. இன்றைய ஊர்வனவற்றிலும் இது நடக்கும். முட்டையிட வேண்டிய நேரத்தில் தாய்க்கு நோயோ பஞ்சமோ நெருக்கடியோ வந்து, இட முடியாமல் உள்ளேயே வைத்துக்கொண்டால், கருப்பை வழியில் காத்திருக்கும் முட்டைமேல் இரண்டாவது ஓடு படியும். நோயாகவும் இருந்திருக்கலாம் என்று மறுப்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். அந்த முட்டை மண்ணில் இடப்படவே இல்லை என்றும், ஒரு தாயின் வயிற்றுக்குள் இருந்தபடியே அந்தக் குட்டைக்கு வந்தது என்றும் கண்டுபிடித்தவர்கள் எழுதினார்கள். உள் ஓடு முடிந்து, வெளி ஓடு கட்டத் தொடங்கி, கொஞ்ச நாள் அந்தத் தாய் காத்திருந்திருக்கிறது.